மஸ்டர் பாயிண்டில் காத்திருப்பதா, கடலில் குதிப்பதா? புதிய தொழிலாளர்களுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: கரைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். மும்பைக்கு மேற்கே உள்ள எண்ணெய் வயல்களுக்கு ஒப்பந்த வேலையாகச் செல்லும் வெல்டர்கள், ஃபிட்டர்கள், சாரம் கட்டுபவர்கள் ஆகியோருக்குத் தமிழில் முன்பயிற்சி வகுப்பு எடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. கடலில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறும் நீச்சல்குளப் பயிற்சியையும் தீயணைப்புப் பயிற்சியையும் அங்கீகாரம் பெற்ற மையம் தனியே நடத்திவிடும். அதற்கு முன்னால், கடலில் உள்ள எண்ணெய் மேடையிலோ பார்ஜிலோ (தட்டையான பணிக்கலம்) ஆபத்து நேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களுடைய மொழியில் புரியவைப்பதே என் வேலை.

பாடத்தில் உள்ள விதி எளிமையானது. அபாய மணி ஒலித்தால் கையில் இருக்கும் வேலையைப் பாதுகாப்பான நிலையில் நிறுத்திவிட்டு, மஸ்டர் பாயிண்டுக்கு (ஆபத்தில் எல்லோரும் கூட வேண்டிய இடம்) சென்று, தலைக்கணக்கில் சேர்ந்து, அடுத்த உத்தரவு வரும் வரை அங்கேயே இருக்க வேண்டும். சென்ற வகுப்பில் இதை விளக்கிவிட்டு, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்த விபத்தைப் பற்றியும் சொன்னேன். உடனே ஒருவர் எழுந்து, "அங்கே உத்தரவுக்குக் காத்திருந்தவர்கள் செத்தார்கள், காத்திருக்காமல் குதித்தவர்கள் பிழைத்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால் நாங்கள் எதைச் செய்வது சார்?" என்று கேட்டார். அடுத்த வகுப்பில் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.

அந்த விதி இன்றும் சரியானதுதானா, சரியென்றால் எந்த நிபந்தனைகளின் கீழ் சரி, நம் கடற்பகுதியில் நடந்த விபத்துகள் இதைப் பற்றி என்ன காட்டுகின்றன என்பதைக் கடலில் வேலை பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பழைய ஆப்பரேட்டர்

அந்தத் தொழிலாளர் கேட்டது சரியான கேள்வி. அதை மழுப்பினால் வகுப்பில் நீங்கள் சொல்லும் மற்றவற்றையும் அவர் நம்பமாட்டார். ஆகவே நடந்ததை முழுவதுமாகச் சொல்லிவிடுங்கள்.

1988 ஜூலை 6 இரவு பைப்பர் ஆல்ஃபாவில் 226 பேர் இருந்தார்கள். அவர்களில் 165 பேரும், அவர்களை மீட்க வந்த சிறு படகில் இருந்த 2 பேரும் இறந்தார்கள். 61 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயில் கருகி இறக்கவில்லை, புகையை மூச்சிழுத்து இறந்தார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு மிகவும் தேவையான செய்தி. மணி பத்து வாக்கில் முதல் வெடிப்பு நேர்ந்தபோது, பயிற்சியில் சொல்லப்பட்டபடியே பலரும் மேல்தளத்தில் இருந்த தங்குமிடத்துக்குச் சென்று, உணவுக்கூடத்தில் கூடி, ஹெலிகாப்டர் வரும் என்று காத்திருந்தார்கள். காற்று புகையைத் தங்குமிடத்தின் பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்ததால் ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை. லைஃப்போட்டுகளை நெருங்கவும் முடியவில்லை. வெடிப்பிலேயே கட்டுப்பாட்டு அறை செயலிழந்துவிட்டதால் ஒலிபெருக்கியில் ஒரு சொல்லும் வரவில்லை. பொறுப்பில் இருந்த மேலாளர் அங்கேயே இருந்தும் வெளியேறும்படி உத்தரவிடவில்லை.

மணி 10.20 அளவில், பக்கத்து மேடையான டார்ட்டனிலிருந்து வரும் வாயுக்குழாயின் ரைசர் (கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் குழாய்ப்பகுதி) வெடித்தது. அதன் பிறகு மேடையைக் காப்பாற்ற யாராலும் முடிந்திருக்காது. முதல் வெடிப்புக்கும் இதற்கும் இடையில் இருந்த ஏறக்குறைய 20 நிமிடங்கள்தான் அத்தனை பேருக்கும் கிடைத்த அவகாசம், அது காத்திருப்பதிலேயே கழிந்தது.

இதிலிருந்து "காத்திருக்காதே" என்ற பாடத்தை எடுப்பது தவறு என்பது என் கருத்து. காத்திருக்கும்படி சொன்னவர்கள், காத்திருப்பதற்குத் தகுந்த இடத்தை அமைத்துத் தரவில்லை என்பதே அந்த இரவு காட்டியது. விபத்தை விசாரித்த கல்லன் பிரபு 1990 நவம்பரில் தந்த அறிக்கையில் 106 பரிந்துரைகள் இருந்தன. தற்காலிகப் புகலிடம் என்ற கருத்து அங்கேதான் உறுதியான வடிவம் பெற்றது. தீயையும் புகையையும் எத்தனை நேரம் அது தாங்கும், அந்த நேரத்துக்குள் உள்ளே இருப்பவர்கள் எந்த வழியாகக் கடலுக்கோ வானத்துக்கோ வெளியேறுவார்கள் என்பதை மேடையை நடத்தும் நிறுவனமே கணக்கிட்டு, நிரூபித்து, அரசிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1992-இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. ஆகவே, இன்று ஒரு மேலாளர் "இங்கே காத்திருங்கள்" என்று சொன்னால், அந்த உத்தரவின் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் அதே சொல்லுக்கு அதே மதிப்பு கிடையாது.

இன்னொன்று. உங்கள் வகுப்பில் ஃபிட்டர்கள் இருப்பதால், அந்த வெடிப்பு எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லாமல் விடாதீர்கள். இரண்டு பம்புகளில் ஒன்றிலிருந்து அழுத்தத் தணிப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தைத் தற்காலிகத் தட்டு வைத்து மூடியிருந்தார்கள். பகல் ஷிஃப்டுக்குள் வேலை முடியவில்லை. வால்வு கழற்றப்பட்டிருக்கிறது என்ற செய்தி இரவு ஷிஃப்டுக்கு வாய்மொழியாகச் சொல்லப்படவில்லை. அதே பம்புக்கு வேறொரு பராமரிப்புப் பெர்மிட்டும் (வேலைக்கான எழுத்து அனுமதி) இருந்தது, அந்த வேலை இன்னும் தொடங்கப்படாததால் பம்பைத் திரும்ப இயக்கலாம் என்று இரவில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு மணி 9.45 அளவில் நின்றதும் இதை இயக்கினார்கள். அந்தத் தட்டின் வழியே வாயு கசிந்தது.

அதற்குப் பிறகும் தடுப்பதற்கு வாய்ப்புகள் இருந்தன. அங்கிருந்த தடுப்புச் சுவர்கள் எண்ணெய்த் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை, வாயு வெடிப்பைத் தாங்கக் கட்டப்பட்டவை அல்ல. டைவர்கள் நீருக்குள் இறங்கும் காலத்தில் அவர்கள் பம்பின் உறிஞ்சலில் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தீயணைப்புப் பம்புகளைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறைக்கு மாற்றிவைக்கும் பழக்கம் இருந்ததால், அன்று இரவு அவை தாமாக ஓடவில்லை. அவற்றை இயக்கப் போனவர்கள் திரும்பவில்லை. பைப்பரில் தீ எரிவது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பக்கத்து மேடைகள் உற்பத்தியை உடனே நிறுத்தவில்லை. இவை எதுவும் உணவுக்கூடத்தில் காத்திருந்த மனிதரின் கையில் இல்லை. ஒரு பெர்மிட்டை நேரில் நின்று ஒப்படைப்பது மட்டும் உங்கள் வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.


பதில் 2: நங்கூரம்

மேலே எழுதிய ஐயாவின் கருத்தோடு உடன்படுகிறேன். குதித்தவர்கள் பிழைத்தார்கள் என்ற பாதியை மட்டும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பைப்பரில் பிழைத்தவர்களில் பலர் கயிற்றைப் பிடித்தோ கட்டமைப்பின் வழியாகவோ முடிந்தவரை கீழே இறங்கிய பிறகே நீரில் இறங்கினார்கள். மிக உயரத்திலிருந்து குதித்துப் பிழைத்தவர்களும் உண்டு என்றாலும், அவர்களைத் தூக்கியெடுக்கச் சிறு மீட்புப் படகுகள் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன, அது கோடைகாலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு நேர்மாறான இரவு ஒன்று உண்டு. 1982 பிப்ரவரி 15 அதிகாலையில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஓஷன் ரேஞ்சர் என்ற மிதக்கும் துளையிடும் ரிக் புயலில் கவிழ்ந்தது. அதில் இருந்த 84 பேரும் வெளியேற முயன்றார்கள். ஒரு லைஃப்போட் காவல் கப்பலின் அருகே வரை வந்தும், ஆட்களைக் கப்பலுக்கு மாற்றும்போது கவிழ்ந்துவிட்டது. உறைநிலைக்கு அருகில் இருந்த நீரில் உடலைக் காக்கும் உடைகள் அவர்களிடம் இல்லை, விழுந்தவர்களைத் தூக்கியெடுக்கத் தக்க கருவிகளும் அந்தக் கப்பலில் இல்லை. ஒருவரும் பிழைக்கவில்லை. கடலில் இறங்குவது தப்பித்தலில் பாதிதான். எடுக்க ஆள் இருந்தால்தான் அது முழுமையாகும்.

நம் கடலுக்கு வருகிறேன். 2005 ஜூலை 27 அன்று, மும்பையிலிருந்து ஏறக்குறைய 160 கி.மீ. தொலைவில் உள்ள பாம்பே ஹை வடக்கு மேடையில் நடந்ததை உங்கள் வகுப்பில் விரிவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது ஒரு சமையல்காரரின் விரல் காயத்திலிருந்து தொடங்கியது. சமுத்திர சுரக்ஷா என்ற பணிக்கப்பலில் இருந்த அவருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது. முந்தைய நாள் மும்பையை மூழ்கடித்த பருவமழையால் ஹெலிகாப்டர்கள் பறக்கவில்லை. ஆகவே அவரைக் கிரேன் மூலம் மேடைக்கு ஏற்ற முடிவு செய்தார்கள். காற்றுக்கு மறைவான பக்கத்துக் கிரேன் இயங்காததால், கப்பல் காற்றடிக்கும் பக்கமாகவே மேடையை நெருங்க வேண்டியிருந்தது. கப்பலின் உந்திகளில் ஒன்றில் கோளாறு இருந்ததால் கைமுறையில் ஓட்டினார்கள். காயம்பட்டவர் பத்திரமாக மேடையில் ஏறிவிட்டார். விலகும் நேரத்தில் பெரிய அலையில் தூக்கப்பட்ட கப்பல், மேடையின் வெளிப்புறமாக அமைந்திருந்த வாயு ரைசரில் மோதியது. தீப்பற்றியது, பக்கத்து ரைசர்களுக்கும் பரவியது, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மேடையே கடலுக்குள் சரிந்துவிட்டது.

அந்த வளாகத்திலும் கப்பலிலுமாக 384 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், 362 பேர் மீட்கப்பட்டார்கள். ஆனால் 8 லைஃப்போட்டுகளில் 2-ஐயும், 10 லைஃப் ராஃப்டுகளில் (காற்றடைத்த மிதவைகள்) ஒன்றையும்தான் கடலில் இறக்க முடிந்தது. படகுகள் எண்ணிக்கையில் குறைவில்லை. அவற்றுக்குப் போகும் வழியில்தான் தீ இருந்தது. கப்பலில், ஆழ்கடல் வேலைக்காக டைவர்களை உயர் அழுத்தத்தில் தங்கவைக்கும் அழுத்த அறையில் இருந்த 6 டைவர்கள், கப்பலைக் கைவிட்ட பிறகு உள்ளேயே விடப்பட்டு, 36 மணி நேரம் கழித்தே மீட்கப்பட்டார்கள். அழுத்த அறையில் இருப்பவர்கள் நினைத்த நேரத்தில் கதவைத் திறந்து வெளியே வர முடியாது. அவர்களுக்கு மஸ்டர் பாயிண்டே கிடையாது. அவர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறதா என்பது ஒவ்வொரு டைவிங் கப்பலிலும் கேட்க வேண்டிய கேள்வி.

லைஃப்போட் கொக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1980 மார்ச் 27 அன்று நார்வேயின் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து, 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அப்போது பளு இருக்கும்வரை கொக்கி கழலாத அமைப்பு இருந்ததால், இறக்கப்பட்ட படகுகளைக் கம்பிவடத்திலிருந்து விடுவிக்க முடியாமல் தவித்தார்கள். அதன் பிறகு பளுவோடேயே கழற்றக்கூடிய கொக்கிகள் பரவலாயின. அந்தக் கொக்கிகள் ஒத்திகையின்போது தாமாகக் கழன்று, படகு கீழே விழுந்து மாலுமிகள் இறந்த விபத்துகள் பல நேர்ந்ததால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-இல் விதியைத் திருத்திப் பழைய கொக்கிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பல கப்பல்களில் ஒத்திகையின்போது ஆட்களை ஏற்றிப் படகை இறக்காததற்கு இதுதான் காரணம். சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். ஆனால் படகில் ஏறி உட்கார்ந்து பெல்ட் கட்டிப் பார்ப்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. முதல் வாரத்திலேயே அதைச் செய்துபார்க்க வேண்டும்.

கடைசியாக, 2021 மே 17 அன்று டவ்தே புயலில் மூழ்கிய பி-305 தங்குபார்ஜ். அதில் 261 பேர் இருந்தார்கள், 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பார்ஜுக்குச் சொந்தமாக இயங்கும் எந்திரம் கிடையாது. நங்கூரங்கள் பிடிமானம் இழந்ததும் அது காற்று போன போக்கில் போயிற்று. புயல் வருகிறது என்று வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. அந்தப் பார்ஜில் மணி ஒலித்தபோது யார் எங்கே நின்றார்கள் என்பதைவிட, சில நாட்களுக்கு முன்பே அதைத் துறைமுகத்துக்கு இழுத்துச் சென்றிருக்க வேண்டும் என்ற முடிவு எடுக்கப்படாததே பெரிது என்று நான் கருதுகிறேன். கடற்படைக் கப்பல்கள் கொந்தளிக்கும் கடலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை எடுத்தது, லைஃப் ஜாக்கெட்டோடு நீரில் மிதந்துகொண்டிருந்தவர்களை விடாமல் தேடியதால்தான்.


பதில் 3: சாரக்காரன்

நான் அதிகாரி அல்ல, பார்ஜ்களில் சாரம் கட்டிய தொழிலாளி. மேலே எழுதியவர்கள் சொன்ன பெரிய விபத்துகள் எதிலும் நான் இருந்ததில்லை. வகுப்பில் உட்காருபவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

நான் வேலை பார்த்த பார்ஜ்களில் ஒத்திகை பெரும்பாலும் பகலில், வேலைத்தளத்தில் நிற்கும்போதே நடக்கும். ஆகவே தளத்திலிருந்து மஸ்டர் பாயிண்டுக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். கேபினிலிருந்து, இருட்டில், புகை சூழ்ந்த நடைவழியில், குனிந்து சுவரைத் தடவிப் போகும் வழி பலருக்குத் தெரியாது. இரவு ஷிஃப்ட் ஆட்களை ஒத்திகைக்கு எழுப்பவும் மாட்டார்கள். கேபின் ஒதுக்கியவுடன் அங்கிருந்து வெளியே வரும் இரண்டு வழிகளையும் நடந்து பார்த்து, எத்தனை கதவுகள், எந்தப் பக்கம் படிக்கட்டு என்று எண்ணி வைத்துக்கொள்ளும்படி தயவுசெய்து சொல்லுங்கள். கேபின் மாறினால் மறுபடியும் எண்ண வேண்டும், ஏனெனில் கேபினோடு படகு எண்ணும் மாறக்கூடும்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். பதற்றத்தில் பாதிதான் காதில் விழும். ஆகையால் பொது அபாய மணி, வாயுக்கசிவு மணி, மேடையைக் கைவிடும் மணி ஆகிய ஒலிகளைப் பதிவுசெய்து வந்து வகுப்பில் பலமுறை ஒலிக்கவிடுங்கள். இடத்துக்கு இடம் அவை வேறுபடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அட்டையில் அச்சிட்டுத் தருகிறார்கள். நிறுத்தியவரை அடுத்த ஹெலிகாப்டரில் ஊருக்கு அனுப்பிவைத்த ஒப்பந்ததாரரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த அட்டையைப் பற்றி வகுப்பில் பேசும்போது இதையும் மறைக்காதீர்கள். தனியாக நிறுத்துவதைவிட, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்திலேயே எல்லோர் முன்பும் கேள்வியாகக் கேட்பது நடைமுறையில் எளிது. கேட்டவர் ஒருவர் என்றாலும் கேள்வி எல்லோருடையதாகிவிடும்.


கரைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. காத்திருக்கும் விதிக்குப் பின்னால் இருக்கும் நிபந்தனைகள் இப்போது தெளிவாகின்றன. ஆனால் அந்தத் தொழிலாளர் அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும்: "நான் விதிப்படி மஸ்டர் பாயிண்டில் நிற்கிறேன். புகை உள்ளே வருகிறது. உத்தரவு வரவில்லை. அப்போது?" இதற்கு ஒரு பயிற்சியாளர் பொறுப்போடு சொல்லக்கூடிய பதில் என்ன?


பழைய ஆப்பரேட்டர்

உத்தரவு வராமல் போவது பைப்பரோடு முடிந்துவிடவில்லை என்பதால் உங்கள் கேள்வி இன்றும் பொருந்தும். 2010 ஏப்ரல் 20 இரவு மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் ரிக் வெடித்தபோது, பொது அபாய மணி தானாக ஒலிக்காதபடி அமைக்கப்பட்டிருந்தது என்றும், தவறான எச்சரிக்கைகளால் தூங்குபவர்கள் எழுந்துவிடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்றும் அங்கே வேலை பார்த்தவர் விசாரணையில் சாட்சியம் அளித்தார். அந்த இரவில் அதிகாரம் கப்பல் கேப்டனிடமா, ரிக் மேலாளரிடமா என்ற குழப்பமும் இருந்தது. 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். மீதிப் பேர் வெளியேறினார்கள். கடைசியாக இறக்கப்பட்ட லைஃப் ராஃப்ட் இன்னமும் ரிக்கோடு கயிற்றால் கட்டப்பட்டே இருந்தது, அதை அறுக்க உள்ளே இருந்தவர்களிடம் கத்தி இல்லை. பாதுகாப்பு விதியின்படி அவர்கள் கத்தி வைத்துக்கொள்ளக் கூடாது! பக்கத்துக் கப்பலின் மீட்புப் படகிலிருந்து கத்தி வாங்கி அறுத்தார்கள்.

ஆகவே உங்கள் பதிலை உத்தரவு தருபவரைச் சுற்றி அமையுங்கள். ஒவ்வொரு மஸ்டர் பாயிண்டுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஒவ்வொரு லைஃப்போட்டுக்கும் ஒரு காக்ஸ்வைன் (படகை ஓட்டும் பொறுப்பாளர்) இருப்பார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொடர்பு அறுந்துபோனால் இவர்கள் தாமே முடிவெடுக்கலாமா, எந்த நிலையில் எடுக்கலாம் என்பது அந்த இடத்தின் அவசரகாலத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மேடையில் இறங்கிய அன்று தரப்படும் அறிமுக வகுப்பிலேயே "எங்கள் படகின் காக்ஸ்வைன் யார், தொடர்பு அறுந்தால் அவர் தாமாகப் படகை இறக்கலாமா, முதல் மஸ்டர் பாயிண்டில் புகை வந்தால் மாற்று இடம் எது" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். 2005 விபத்துக்குப் பிறகு இந்தியாவில் 2008-ஆம் ஆண்டின் கடல்சார் பெட்ரோலியப் பாதுகாப்பு விதிகள் வந்துள்ளன. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகம் அவற்றை மேற்பார்வையிடுகிறது. ஆகவே அவசரகாலத் திட்டத்தைப் பற்றிக் கேட்பவர் சலுகை எதையும் கேட்கவில்லை.

புகை உள்ளே வந்துவிட்டால் முதலில் பொறுப்பாளரோடு கூட்டமாக மாற்று இடத்துக்கு நகர வேண்டும், தனியாக அல்ல; தனியே போனவரைத் தலைக்கணக்கில் காணாமல் தேட ஒருவர் தீக்குள் போகும்படி ஆகிவிடும். அடுத்து லைஃப்போட், அது இல்லையென்றால் லைஃப் ராஃப்ட் அல்லது இறங்கு வலை. வேறு எந்த வழியும் மிஞ்சாத நிலையில் மட்டுமே நேராக நீர்.

நீரில் இறங்கும் முறையை வகுப்பிலேயே செய்து காட்டுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாப் பட்டைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த தளத்துக்கு இறங்கி, கீழே ஆளோ இரும்போ எண்ணெய்த் தீயோ இல்லை என்று பார்த்துவிட்டு, ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடி, மறு கையால் ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்து, பார்வையை நேராக வைத்து, ஓர் அடி எடுத்து வைப்பதுபோல் இறங்கிக் கணுக்கால்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தலைகீழாகப் பாயக் கூடாது. நீரில் விழுந்ததும் மேடையை விட்டு விலகி, முடிந்தால் காற்று வரும் பக்கமாகப் போய், மற்றவர்களோடு கைகோத்துக் கூட்டமாக மிதக்க வேண்டும், ஏனெனில் தனித்தலையைவிடக் கூட்டம்தான் தேடுபவர் கண்ணில் படும். ஜாக்கெட்டில் உள்ள விசிலும் விளக்கும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டும் வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள்.